மூணு சுழி

பெயரைச் சொல்லக் கூடாது என்று
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், சட்டம்.
ஆகவே பையன் என்றே சொல்கிறேன்.
பதினோரு வயது. செருப்பு ஒரு அளவு பெரிது.

நான் செவ்வாய்ப்பேட்டையில்
வெள்ளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள்.
கொலுசுப் பட்டறைக்குப் போன வெள்ளி எவ்வளவு,
திரும்பி வந்தது எவ்வளவு,
நடுவில் காணாமல் போனதற்குச்
சேதாரம் என்று ஒரு பத்தி.
அதில் எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

குழந்தைகள் நலக்குழு வியாழன்தோறும் கூடும்.
பையன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி.
அதில் உட்காரத்தான் நான்.
சம்பளம் இல்லை. அடையாள அட்டை உண்டு,
படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன்.

முதல் தடவை போகவில்லை.
மார்ச் மாதம், வரிக்கணக்கு.
அன்றைக்குக் கோப்பில் எழுதியது:
குழந்தை ஒத்துழைக்கவில்லை.
இரண்டே வார்த்தை.
இரண்டும் என் கையெழுத்துப் போலவே இருந்தன.

பையன் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஓர் இல்லத்தில்.
தங்கை மேலே, நாகலூரில்,
காப்பித் தோட்டத்து மேற்பார்வையாளர் வீட்டில்,
வளர்ப்புக்கு.
அவர்கள் நல்லவர்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.
தனிக் கட்டில், குளிருக்குக் கம்பளிக் குல்லா,
வாசலில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கில்
ஒரு ஊஞ்சல்.
பையனைத்தான் வேண்டாம் என்றார்கள்.
பெரிய பையன், சரிப்பட்டு வராதுங்க.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஏற்காடு பஸ்.
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியபடி வருவான்,
பலகையில் போட்டிருப்பதை நம்பாமல்.
பதினொன்றில் வாந்தி.
என் கைப்பையில் எலுமிச்சை, பழைய தினத்தாள்,
மாற்றுச் சட்டை.
வாயைத் துடைத்துக்கொண்டு
பன்னிரண்டு என்பான்.

மூன்றாவது ஞாயிறு
அந்த அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:
பாப்பு, அண்ணன் வந்திருக்கான் பாரு.
குழந்தை ஓடி வந்தது.
யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
பையன் திரும்பிப் பார்த்தான்.
இறங்கும்போது எண்ணவில்லை.

விசாரணைக்கு நான்
இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.
அண்ணனையும் தங்கையையும் பிரிப்பது பற்றி,
நன்றாகத்தான் வந்திருந்தது.
தலைவர் அம்மா என்னைப் பார்க்காமல்
அவனிடம் கேட்டார்:
உனக்கு என்னப்பா வேணும்?

மின்விசிறி.
பக்கத்து அறையில் யாரோ ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள்.
அவன் பேசட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
இந்த வேலையில் அதுதான் கஷ்டம்.

அவள அவ பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க.

வேற?

வேற ஒன்னுமில்ல.

ஒன்றாக இருக்கக் கேட்கலாம் என்று
தெரியாமல் இருந்ததோ,
தெரிந்துதான் சின்னதாகக் கேட்டானோ.
பிறகு என் இரண்டு பக்கத்தையும் வாசித்தேன்.
அது அடுத்த அமர்வுக்குத் தள்ளிப் போனது.
பெயருக்கு மட்டும் அன்றே உத்தரவு.

நகல் கைக்கு வர மதியமானது.
மூன்றாம் வரியில் விரல் வைத்து
இது அவ இல்ல என்றான்.
மூணு சுழி போட வேண்டிய இடத்தில்
ரெண்டு சுழி.
அவளுக்கு அவன் முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தது
அந்த எழுத்தைத்தானாம்.
(இவ்வளவு சொன்னதே அதிகம்.)

இதுக்காம்மா திரும்பி வந்தீங்க,
படிச்சா புரியுதில்ல என்றார் தட்டச்சு செய்கிறவர்.
எனக்குச் சேதாரம் பத்தி ஞாபகம் வந்தது.
நகர்ந்து போகாமல் நின்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்:
அந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?

எந்தப் படிவத்திலும்
உறவு என்ற கட்டத்தில் நான் ஒரு கோடுதான் போடுவேன்.

மூணு சுழி ண வேணும் என்றேன்.

சாப்பிட்டு வந்து மாற்றித் தருகிறேன் என்று எழுந்தார்.
வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.
கடைக்கு வரத் தாமதமாகும் என்று போன் செய்தேன்.
பையன் இரண்டு தட்டுவடை தின்றான்,
மூன்றாவதைத் தாளில் மடித்தான்.

ஞாயித்துக்கெழமைக்குள்ள நமுத்துப் போயிரும்டா.

போகட்டும் என்றான்.